உலகம்மாள் தேய்த்த கண்ணாடிகள்

ஆவரங்குளத்து மேலப்பட்டறைத் தெருவில் மரம் இழைக்கிற ஆண்கள் ஒருவருக்கும் உளி தீட்டத் தெரியாது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும், ஆனால் அதுதான் நிஜம். மரம் ஆணுக்கு, முனை பெண்ணுக்கு என்று எந்தக் காலத்திலோ யாரோ பிரித்து வைத்துவிட்டார்கள், அந்தத் தெருவுக்குக் கல்யாணமாகி வருகிற பெண் குத்துவிளக்கோடு சிவப்புத் துணியில் சுற்றிய ஒரு தீட்டுக்கல்லையும் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவருவாள், புருஷன்காரன் மழுங்கிய உளியையும் இழைப்புளித் தகட்டையும் புறவாசல் படியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவான், சாப்பிட்டுப் படுத்து எழுந்து வந்தால் அவை முன்கை மயிரை வழிக்கிற கூர்மையோடு அதே படியில் இருக்கும். அதற்காக யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை, சோற்றுக்கு யார் நன்றி சொல்கிறார்கள்.

கோமதிநாயகம் ஆசாரிக்கு இருபத்துநான்கு வருஷம் உலகம்மாள் தீட்டிக் கொடுத்தாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு, அவன் இழைக்கிற சத்தமும் அவள் தீட்டுகிற சத்தமும்தான் அந்த வீட்டில் பேச்சு. மதியம் இரண்டு மணிக்கு, பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு புறவாசலில் மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்தால் மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்பாள். போன தை மாசம் அவள் செத்துப்போனாள். கக்கத்தில் கட்டி என்றார்கள், பெரிய ஆஸ்பத்திரியில் எட்டு மாசம் வைத்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து சொந்தக்காரர்களெல்லாம் பஸ் ஏறிய மறுநாள், கோமதிநாயகம் பழக்கதோஷத்தில் மழுங்கிய இழைப்புளித் தகட்டைப் புறவாசல் படியில் வைத்துவிட்டு, தானே குழைய வடித்த சோற்றைத் தின்று, படுத்து, எழுந்து வந்து பார்த்தான். வைத்தது வைத்தபடி மழுங்கிக் கிடந்தது. அவள் செத்துப்போனது அவனுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

அழுது முடித்துவிட்டு அவளுடைய கல்லைத் தானே எடுத்தான். கல்லின் நடுவில் பெரிய குழி, இரண்டு முனையும் புதுசாக இருந்தது. குழிக்கல்லில் முனையை நேராகக் கொண்டுவருகிற வித்தை அவளுக்குத் தெரியும், அவனுக்கு எங்கே தெரியும், அதனால் கல்லைச் சமமாக்குகிறேன் பேர்வழி என்று கிணற்றடி சிமெண்டில் கவிழ்த்துப்போட்டுத் தேய்க்க, அது இரண்டாக உடைந்தது. கடையில் வாங்கிய கல் அந்தத் தெருவில் எந்த வீட்டுக்குள்ளும் வரக்கூடாது. கல் வேண்டுமென்றால் பெண் கட்டிக்கொண்டு வா என்று கூசாமல் சொன்னார்கள் சாதிக்காரர்கள். வாத்தியார் வீட்டு நிலைக்கதவு பாதியில் நின்றது, ஆவணியில் அவருக்குப் பால்காய்ப்பு.

அதே வீட்டில் சமையலறை அலமாரி மாட்ட வந்த வெளியூர்த் தச்சன் பிரான்சிஸ்தான் வழி சொன்னான். “கண்ணாடித் தகடு ஒண்ணு எடுத்து, மேல தண்ணி தொட்டு உப்புத்தாளை ஒட்டிப்போட்டுத் தேயும் அண்ணாச்சி. கண்ணாடி மட்டமா இருந்தா முனை தன்னால நேரா வந்துரும். கை பழகாதவங்களுக்கு அதான் லேசு.”

முப்பது வருஷம் மரம் பார்த்தவனைக் கை பழகாதவன் என்கிறானே என்று கோமதிநாயகத்துக்குச் சுருக்கென்றது, ஆனாலும் யோசித்துப் பார்த்தான். கல்லைப் பற்றித்தான் தெருவில் கட்டுப்பாடு, கண்ணாடியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மைதீன் பிச்சையின் கண்ணாடிக் கடை. சாமி படத்துக்குச் சட்டம் போடுவதிலிருந்து ஜவுளிக்கடை முகப்பு வரைக்கும் ஊருக்குக் கண்ணாடி அவர் கைதான்.

“வாரும் ஆசாரி. ஜன்னலுக்கா, அலமாரிக்கா?”

“தீட்டதுக்கு பாய்.”

உலகம்மாள் சாவுக்கு வந்து வாசலில் கடைசி வரைக்கும் நின்றவர் மைதீன் பிச்சை. எழுந்து உள்ளே போனார். “அஞ்சு எம்.எம். வேண்டாம், அமுக்கினா வளையும். டஃபன் பண்ணினதும் வேண்டாம், சூட்டுல போட்டு எடுக்கையில லேசா நெளிஞ்சிரும், கண்ணுக்குத் தெரியாது, தீட்டினாத்தான் தெரியும். பன்னெண்டு எம்.எம். சாதாக் கண்ணாடியில ஒண்ணரை அடி வெட்டித் தாரேன், ஓரம் கையை அறுக்காம தேச்சும் தாரேன்.”

கோமதிநாயகம் ஒவ்வொரு கண்ணாடியாக ட்யூப்லைட்டுக்குக் கீழே வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்து, கண்ணாடிக்குள் விழுகிற ட்யூப்லைட் நேராக ஓடுகிறதா எங்காவது நெளிகிறதா என்று பார்த்தான், இரும்பு ஸ்கேலை நெட்டுக்கு நிறுத்தி, குறுக்குக்கு நிறுத்தி, மூலைக்கு மூலை நிறுத்தி, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தான், இரண்டு கண்ணாடிகளைத் தண்ணீர் தொட்டு ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பிரிய மறுக்கிறதா என்று பார்த்தான், ஏழு கண்ணாடிகளை வேண்டாமென்று ஒதுக்கினான்.

“பொண்ணு பாக்க வந்தவன் மாதிரில்லா பாக்கீரு,” என்றார் மைதீன் பிச்சை, சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எட்டாவது கண்ணாடியில் மயிரிழை வெளிச்சம்கூடக் கசியவில்லை. அதை வேட்டித் துணியில் சுற்றிக் கொண்டுவந்து புறவாசலில் அவளுடைய மணைக்கு முன்னால் வைத்து, தகட்டையும் பக்கத்தில் வைத்து, சாப்பிட்டுவிட்டு வந்து உப்புத்தாள் ஒட்டலாம் என்று உள்ளே போனான். இரண்டு மணிக்குச் சத்தம் கேட்டது. சர்க், சர்க் என்று நீளமாக, நிதானமாக, அவசரமே இல்லாமல். சோற்றில் வைத்த கையோடு எழுந்து வந்து பார்த்தான். மணையில் யாரும் இல்லை, தண்ணீர் மட்டும் சொட்டுச் சொட்டாகக் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது, கண்ணாடியின் நடு கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டிருந்தது. மூன்று மணிக்குச் சத்தம் நின்றபோது, ஒரு சாணும் நாலு விரலும் நீளத்துக்குப் பளிங்காக ஒரு குழி விழுந்திருந்தது, தகட்டை முன்கையில் வைத்து இழுத்துப் பார்த்தான், மயிர் வழிந்தது. அவன் மறுபடியும் உள்ளே போய் மிச்சச் சோற்றைத் தின்றான், அன்றைக்கு அது தொண்டையில் இறங்கியது.

மறுநாள் அதே கண்ணாடியை வைத்தான், ஒன்றும் நடக்கவில்லை. குழி விழுந்த கண்ணாடியில் அவள் உட்காரமாட்டாள் என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போனான்.

“இன்னொண்ணு குடும் பாய்.”

“உடைஞ்சிட்டா?”

“இல்ல. தேஞ்சிட்டு.”

கண்ணாடி எங்காவது தேயுமா என்று மைதீன் பிச்சை கேட்கவில்லை, கடையைச் சாத்திவிட்டுக் கூடவே வந்தார், கிணற்றடியில் உட்கார்ந்து இரண்டிலிருந்து மூன்று வரைக்கும் பார்த்தார். “நல்ல வேலைக்காரி,” என்றார். அசர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

அடுத்த வீட்டு ஆவுடையக்காதான் மூன்றாம் நாள் முதலில் தன் அரிவாள்மணையைக் கொண்டுவந்து தகட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். “எப்படியும் உக்காரத்தான செய்தா, இதையும் பாத்துட்டுப் போட்டும்.” அது கூராகிவிட்டது, அன்று மாலையே அவள் வெண்டைக்காய் நறுக்கிய லாவகத்தைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நாலாம் நாள் சலூன்காரர் கத்தியோடு வந்தார், ஐந்தாம் நாள் தையற்கடை இருளப்பன் இரண்டு கத்தரிக்கோலோடு வந்தான், ஆறாம் நாள் கறிக்கடை, இளநீர்க்கடை, பூக்கட்டுகிறவள், நாலு தெரு தள்ளி இருக்கிற பொன்வேலைக்காரர் என்று வரிசை புறவாசலிலிருந்து முடுக்குச் சந்து வழியாகத் தெரு முனை வரைக்கும் நின்றது. ஆசாரி ஒருத்தன் எத்தனை கண்ணாடிதான் வாங்குவான் என்று ஆளுக்கொரு கண்ணாடியும் கொண்டுவந்தார்கள், மேஜைக் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, பழைய பஸ் ஜன்னல் என்று. கோமதிநாயகம் அவற்றில் எதையும் தொடமாட்டான், நாளைக்கு ஒன்று, அதையும் மைதீன் பிச்சை கடையில் ஸ்கேல் வைத்துப் பார்த்து அவனே எடுத்து வந்தால்தான் அவனுக்குத் திருப்தி. கோணல் கண்ணாடியில் அவள் உட்கார வேண்டுமா என்ன.

பஞ்சாயத்துத் தலைவர் வந்து கயிறு கட்டி ஆண் வரிசை, பெண் வரிசை பிரித்தார். யாரோ ஒரு பெண் மணைப்பலகைக்குக் குங்குமம் வைத்து, கனகாம்பரச் சரத்தைச் சுற்றி, உலகம்மனே வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டபோது ஆவுடையக்காவுக்கு வந்ததே கோபம். “அம்மனாவது சும்மனாவது! எங்கூடக் குழாயடியில குடத்தை வச்சு அடிச்சிக்கிட்டவ. எடு பூவை!” என்று சரத்தைப் பிய்த்துப் போட்டாள். அப்புறம் உட்கார்ந்து சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அந்தப் பத்து நாள் கோமதிநாயகம் சந்தோஷமாக இருந்தான், அதை மறைப்பானேன். முனை வந்தது, கதவு வளர்ந்தது, மதியச் சோறு இறங்கியது, இரண்டு மணியானால் வீட்டில் சத்தம் இருந்தது. குழி விழுந்த கண்ணாடிகளைச் சுவரோரம் வரிசையாகச் சாத்தி வைத்தான், முதல் கண்ணாடியை மட்டும் ஆவுடையக்கா கோழிக்குத் தண்ணீர் வைக்க எடுத்துப் போயிருந்தாள்.

பத்தாவது கண்ணாடியில் சத்தம் மாறியது. சர்க் என்று நீளமாக வந்தது, பிறகு சற்றுக் குட்டையாக வந்தது. வரிசையில் நின்றவர்கள் இன்றைக்கு வேலை மெதுவாக நடக்கிறது என்று மணி பார்த்தார்கள். பதினொன்றாவது கண்ணாடியில் இரண்டு இழுப்பு வந்தது, நின்றது, யாரோ மூச்சு விடுகிற நேரம் கழித்து இன்னொரு இழுப்பு வந்தது, மறுபடி நின்றது. மூன்று மணிக்கு இருளப்பன் கத்தரிக்கோலை ஒரு துண்டுத் துணியில் வெட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

“ஆசாரி, ஓரத்துல சவைக்கே. என்ன, அரைகுறையாத் தேச்சிருக்காப்ல இருக்கு? முழுசாத் தேய்க்கச் சொல்லப்படாதா?”

இந்த வார்த்தை கோமதிநாயகத்தினுடையது. இதே முற்றத்தில், இதே எரிச்சலோடு, அவன் அவளிடம் சொன்னது. கல்லின் நடுவையே போட்டுத் தேய்க்கிறாள், பாதிக் கல் புதுசாகக் கிடக்கிறது, சோம்பேறித்தனம் என்று அவன் கத்தியபோது அவள் சிரித்துக்கொண்டே, “மிச்சக் கல்லு உங்க ரெண்டாம் பொண்டாட்டிக்கு, நான்தான் பத்திரமா வச்சிருக்கேன்,” என்றாள். அவனும் சிரித்தான். அதற்கப்புறமும் எத்தனையோ நாள் கத்தினான்.

வரிசையை அவன் திருப்பி அனுப்பவில்லை, அது பாட்டுக்குக் கலைந்தது. அவன் சுவரோரத்துக் கண்ணாடிகளை எடுத்து முற்றத்தில் வரிசையாகப் படுக்க வைத்தான், அடுத்த வீட்டுக்குப் போய்க் கோழிகளை விரட்டி, தண்ணீரைக் கொட்டி, முதல் கண்ணாடியையும் கொண்டுவந்து வைத்தான், முழங்கால் போட்டுக் குனிந்து கையால் அளந்தான். மூன்றாம் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு கீறல். அந்தக் கீறலை அவனுக்குத் தெரியும், கல்யாணமாகி ஆறாம் வருஷம் ஆணியில் தட்டிப் பல் விழுந்த தகட்டை அவன் கொடுக்க, அவளுடைய கல்லில் அதே இடத்தில் விழுந்த கீறல். மூன்றாம் கண்ணாடிக்கு ஆறு வருஷம் என்றால் ஒரு கண்ணாடிக்கு இரண்டு வருஷம். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வரிசையாகத் தேய்த்துக்கொண்டு வருகிறாள்.

ஒன்பது கண்ணாடி வரைக்கும் ஒரு சாணும் நாலு விரலும், ஒரு நூல் கூடவில்லை குறையவில்லை. பத்தாவது ஒரு சாண், கடைசியில் இடது பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. பதினொன்றாவது நாலு விரல். கையை முன்னால் நீட்ட முடியாதவள் எவ்வளவு தூரம் தேய்ப்பாளோ அவ்வளவுதான். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், எவ்வளவு நாளாகக் கை தூக்க முடியவில்லை என்று அவன் பக்கத்தில் இருக்கும்போதுதான் கேட்டார். இப்பத்தான் சார், ஒரு மாசமா, என்றாள். பத்தாம் கண்ணாடியிலிருந்து கணக்குப் போட்டால் ஆறு வருஷம். ஆறு வருஷமாக அந்தக் கையோடு அவனுக்குத் தீட்டிக் கொடுத்திருக்கிறாள், பலகையில் அரை நூல் வளைவிருந்தால் பத்தடி தள்ளி நின்று கண்டுபிடிக்கிறவன், தினமும் அந்தக் கல்லைப் பார்த்தான், குழி நடுவில் மட்டும் ஆழமாகிக்கொண்டே வந்ததைப் பார்த்தான், பார்த்துவிட்டு அவளைச் சோம்பேறி என்றான்.

இருபத்துநான்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு கண்ணாடி, இனி ஒரே ஒரு கண்ணாடிதான் பாக்கி.

அவன் கண்ணாடி வாங்கப் போகவில்லை. ஒரு நாள் போகவில்லை, இரண்டு நாள் போகவில்லை, எட்டு நாள் போகவில்லை. ஊர் தவித்துப்போனது, தலைவர் ஆள் அனுப்பினார், வாத்தியார் கதவுக்குக் கடைசிப் பலகை எப்போது என்று கேட்டுவிட்டார், சலூனில் பழைய கத்தியால் இரண்டு பேருக்குத் தாடையில் கீறிவிட்டது. கோமதிநாயகம் முடுக்குக் கதவைத் தாழ் போட்டான். இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் வெறும் மணைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான்.

ஒன்பதாம் நாள் மைதீன் பிச்சை வாசல் வழியாக வந்தார். முற்றத்தில் கிடந்த பதினொரு கண்ணாடிகளையும் பார்த்தார், அவன் சொன்னதையெல்லாம் கேட்டார்.

“பன்னெண்டாவது வைக்காம விட்டா?” என்றார்.

“இருப்பா பாய்.”

“இருந்து?”

கோமதிநாயகம் மணையைப் பார்த்தான். “உக்காந்திருப்பா. கண்ணாடி வருமா வருமான்னு, அந்தக் கையோட.”

“வச்சா?”

“அந்தக் கையால தேய்ப்பா. தேச்சு முடிச்சிட்டுப் போயிருவா. ரெண்டாம் தடவையும் என் கண்ணு முன்னாலயே போயிருவா. எனக்கு எதையும் தாங்க முடியல பாய்.”

மைதீன் பிச்சை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “வலிக்கிற கையோட உக்காந்திருக்கவளை நீ எந்திரி, நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லதுக்கு ஒரு ஆளு வேணும்லா ஆசாரி,” என்றார். “அவ உயிரோட இருக்கையில அந்த ஆளு இல்ல. இப்ப இருக்காரே.”

மறுநாள் கோமதிநாயகம் கடைக்குப் போனான். ட்யூப்லைட்டில் பார்த்தான், ஸ்கேலில் பார்த்தான், தண்ணீர் தொட்டு ஒட்டிப் பார்த்தான், பிறகு அதையெல்லாம் விட்டுவிட்டுக் கண்ணை மூடி உள்ளங்கையால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து ஒன்றை எடுத்தான். உப்புத்தாளும் வாங்கினான், கரடு ஒன்று, நைஸ் ஒன்று.

வீட்டுக்கு வந்ததும் முடுக்குக் கதவைத் திறந்துவிட்டான், காத்திருந்தவர்கள் கத்தியும் அரிவாளுமாகத் திமுதிமுவென்று வந்து நின்றார்கள். இரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. கண்ணாடியை மணைக்கு முன்னால் வைத்தான், தண்ணீர் தொட்டு உப்புத்தாளை அதில் ஒட்டினான், பிறகு மணைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஊர் பார்க்கிறதே என்ற கூச்சமில்லாமல் சொன்னான்.

“உலகு, எந்திரிட்டீ. போதும். இனிமே நான் தீட்டிக்கிடுதேன்.”

ஆவுடையக்கா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான், பஸ்ஸில் ஒருவர் எழுந்து இன்னொருவருக்கு இடம் கொடுக்கிற நேரம்தான், பிறகு மணையில் உட்கார்ந்தான். பெரிய உடம்பு, சின்ன மணை, முழங்கால் இரண்டும் காதுவரை வந்தது. தகட்டை எடுத்து, உப்புத்தாளின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், கை முழுசாக நீளும்படி ஓர் இழுப்பு இழுத்தான்.

வேறு சத்தம் எதுவும் கேட்கவில்லை. இரண்டு மணி அடித்தது, அவன் இழுக்கிற சத்தம் மட்டும்தான் இருந்தது, முரடாக, தடுக்கித் தடுக்கி. கண்ணாடி தாழவில்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு இருளப்பன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனான், சலூன்காரர் போனார், இளநீர்க்கடைக்காரர் போனார், கடைசியாக ஆவுடையக்கா அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு, “சோறு கொண்டாந்து வைக்கேன் தம்பி,” என்று சொல்லிவிட்டுப் போனாள். கோமதிநாயகம் நிறுத்தவில்லை.

மூன்று மணிக்கு உப்புத்தாளை உரித்துப்போட்டு, கண்ணாடியில் ஸ்கேலை நிறுத்திக் குனிந்து பார்த்தான். எந்தப் பக்கமும் வெளிச்சம் கசியவில்லை, வாங்கியபோது இருந்தபடியே இருந்தது. தகட்டை முன்கையில் வைத்து இழுத்தான், மயிர் பாதி வழிந்தது, பாதி நின்றது. நாளைக்கு இன்னும் கொஞ்சம் நன்றாக வரும் என்று நினைத்துக்கொண்டு எழுந்தபோதுதான் தெரிந்தது, வலது தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் கழன்று விழுகிற மாதிரி ஒரு வலி, கையைத் தூக்கவே முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்கே இப்படி. “யம்மா, என்னா வலி வலிக்கு,” என்று அடுப்படிப் பக்கம் திரும்பிச் சொன்னான்.

அடுப்படியில் யாரும் இல்லை. கை வலிக்கிறது என்று சொல்ல அவனுக்கு வீட்டில் ஓர் ஆள் இல்லை. அவளுக்கு ஓர் ஆள் இருந்தது. ஆறு வருஷமும், பத்தடி தூரத்தில், மதியச் சோறு தின்றுவிட்டுப் படுத்திருந்தது.